நான்கு மணி விழிப்பு: முதியோர் இல்லம் ஒன்றில் இரத்தச் சர்க்கரைத் தாழ்வு அடையாளம் காணப்படாமல் போன நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வின் நடுவில் இருக்கும் அம்மையாருக்கு அப்போது வயது 78. மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இளம் வயதிலேயே பால்மரம் சீவத் தொடங்கி, அந்தத் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்ட பின் மகனோடு பட்டர்வொர்த்துக்குக் குடிபெயர்ந்தவர். பதினெட்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் எனப்படும் சர்க்கரை நோயும், அதைவிடச் சில ஆண்டுகள் குறைவாக இரத்த அழுத்தமும் அவருக்கு இருந்தன. நிகழ்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறதி நோய் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தார். மகனும் மருமகளும் பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்பவர்கள். அம்மையார் இரண்டு முறை எரிவாயு அடுப்பைத் திறந்தபடியே விட்டு, ஒரு முறை நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நடந்துகொண்டிருந்த நிலையில் மீட்கப்பட்ட பிறகுதான், பிப்ரவரி மாதத்தில், பினாங்குத் தீவில் உள்ள ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். பெற்றவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டான் என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடும் பேச்சு அந்த மகனின் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் ஷிப்ட் முடிந்து பாலம் கடந்து வாரத்தில் மூன்று நாள் அவர் வந்து போனது எனக்குத் தெரியும்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். அந்த இல்லத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்கள் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை பகுதிநேரமாக வேலை செய்தேன். இங்கே பதிவாகும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. அவற்றை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன். மகனின் ஒப்புதலோடு, யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.

மொழியைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மையார் ஐம்பது ஆண்டுகளாகச் சந்தையிலும் மருந்தகத்திலும் பேசிவந்த மலாய், இல்லத்திற்கு வந்தபோதே தடுமாறத் தொடங்கியிருந்தது. ஜூலைக்குள் அநேகமாக முழுவதும் மறைந்து, தமிழ் மட்டுமே எஞ்சியது. மறதி நோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மொழி முதலில் விலகுவதும் தாய்மொழி கடைசிவரை நிற்பதும் இரு மொழி பேசும் முதியவர் பலரிடம் காணப்படுவதுதான். எனக்கு அது தெரிந்தே இருந்தது. அதனால் அவருடைய பாதுகாப்புக்கு என்ன நேரும் என்று மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.

இல்லமும் அதன் நாள்முறையும்

மலேசியாவில் இத்தகைய இல்லங்கள் பராமரிப்பு மையங்கள் சட்டம் 1993, அதாவது சட்டம் 506-இன் கீழ், சமூக நல இலாகாவில் பதிவுசெய்யப்படுகின்றன. நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. மருத்துவப் பராமரிப்பும் சேர்ந்து தேவைப்படும் முதியவர்களுக்கான தனியார் நிலையங்களைக் கருதி, சுகாதார அமைச்சின் பொறுப்பில் சட்டம் 802 என்ற தனிச் சட்டம் 2018-இல் இயற்றப்பட்டது. நான் வேலை செய்த இல்லம் முதல் வகையைச் சேர்ந்தது. உணவு, குளியல், படுக்கை, துணை ஆகியவற்றைத் தருவது அதன் பணி. ஆனால் அங்கே தங்கியிருந்த 24 பேரில் இனிப்பு நீர், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு இவற்றில் ஒன்றாவது இல்லாதவர் இரண்டு மூன்று பேர்தான். பராமரிப்பு இல்லத்தின் ஆள்பலத்தோடு நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை நிலை.

பராமரிப்பாளர்கள் ஐந்து பேர்: இருவர் இந்தோனேசியர், இருவர் மியன்மார்ப் பெண்கள், ஒருவர் உள்ளூர்க்காரர். இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை ஒரே ஒருவர்தான் 24 பேருக்கும் துணை. தங்கியிருந்தவர்களில் ஏழு பேர் தமிழர். பணியாளர்களில் தமிழ் தெரிந்தவர், வாரத்தில் நான்கு மணி நேரம் வந்துபோன நான் மட்டுமே.

இரவு உணவு மாலை ஐந்து மணிக்கு. சமையற்காரர் ஆறு மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதால் பல ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட வழக்கம் அது. காலை உணவு எட்டு மணிக்கு. இடையில் பதினைந்து மணி நேரம். யாருக்கும் இது உறுத்தவில்லை, ஏனென்றால் பெரும்பாலோர் ஏழரை மணிக்கே படுக்கைக்குப் போய்விடுவார்கள்.

அம்மையார் காலையிலும் மாலையிலும் உணவுக்கு முன் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைட் 5 மில்லிகிராம், உணவுக்குப் பின் இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபோர்மின், காலையில் ஓர் அழுத்த மாத்திரை என்று எடுத்துவந்தார். அவர் தோட்டத்து வயிற்றோடு மூன்று வேளையும் சோறு உண்ட காலத்தில் எழுதப்பட்ட மருந்துச்சீட்டு அது. மகன் தவறாமல் மருந்தகத்தில் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். சிறுநீரகத்திற்கான இரத்தப் பரிசோதனை கடைசியாக எடுக்கப்பட்டு 14 மாதங்கள் ஆகியிருந்தன. நான் செவ்வாயும் வெள்ளியும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து எழுதுவேன். லிட்டருக்கு 8 முதல் 11 மில்லிமோல் வரை இருக்கும். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று மகனிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர்: மூன்று வாரங்களில் பதிவானவை

செப்டம்பர் முதல் வாரத்தில், அம்மையார் விடியற்காலை நான்கு மணியளவில் எழுந்து கத்துகிறார், படுக்கைக் கம்பியைப் பிடித்து ஆட்டுகிறார், வெளியே போக வேண்டும் என்கிறார் என்று இரவுப் பணியாளர் தெரிவித்தார். பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே சொல் இருந்தது: 'மெராச்சாவ்'. பிதற்றுதல் என்பதற்கான மலாய்ச் சொல் அது. எட்டாம் தேதி, பத்தாம் தேதி, பதினொன்றாம் தேதி என்று பக்கத்தைப் புரட்டினால் அந்த ஒரு சொல்தான் நேரத்தோடு திரும்பத் திரும்ப வருகிறது. என்ன பிதற்றினார் என்று ஓரிடத்திலும் இல்லை. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அது அவருக்குப் பிதற்றலாகவே கேட்டது.

இரண்டாம் வாரம் மகன் வந்தபோது இல்லத்தின் நடத்துநரும் நானும் அவரிடம் கேட்டோம். அவர் சிரித்தபடி சொன்னார்: "மிஸ்ஸி, அம்மா முப்பது வருஷம் நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனவங்க. இன்னும் அந்த நினைப்புதான்." பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு. எங்கள் மூவருக்கும் அது சரியாகப் பட்டது. பெரட்டுக் களத்தில் இருட்டோடு போய் நின்று பெயர் கூப்பிடக் கேட்டவர்களின் பிள்ளைகள்தானே நாங்களும். என் தாயாரும் கடைசிக் காலத்தில் அதே நேரத்தில்தான் விழித்துக்கொள்வார். அந்த விளக்கம் எனக்கு மனத்துக்கு நெருக்கமானதாக இருந்தது என்பதாலேயே அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. விழித்தபோது வியர்த்திருந்தாரா, கை நடுங்கியதா, அதற்கு முன் என்ன சாப்பிட்டிருந்தார் என்று 31 ஆண்டு அனுபவம் உள்ள ஒரு தாதி கேட்டிருக்க வேண்டிய எந்தக் கேள்வியையும் நான் அன்று கேட்கவில்லை.

அறையில் இருந்த மற்றவர்களின் உறக்கம் கெடுகிறது என்ற முறையீடு வந்ததால், மூன்றாம் வாரத் தொடக்கத்தில் நடத்துநர் இல்லத்திற்கு வழக்கமாக வரும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அம்மையாரை நேரில் பார்க்காமலே, இரவில் அமைதிப்படுத்த லோராசெபாம் குறைந்த அளவில் கொடுக்கச் சொன்னார். அந்த மருந்து தொடங்கியது எனக்குத் தெரிந்தது நான்கு நாள் கழித்துத்தான். அந்த நான்கு இரவுகளுக்கும் பதிவேட்டில் 'அமைதியாக உறங்கினார்' என்று எழுதியிருந்தது. எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

ஐந்தாம் நாள் விடியற்காலை

காலை 5.20 மணிக்கு அணையாடை மாற்ற வந்த இரவுப் பணியாளர், அம்மையாரின் இரவுச்சட்டையும் தலையணையும் வியர்வையில் நனைந்திருப்பதையும், அவர் கூப்பிட்டால் கண் திறக்காமல் குறட்டைபோல் மூச்சு விடுவதையும் கண்டார். அந்த மியன்மார்ப் பெண்ணுக்கு 26 வயது. அவர் உடனே நடத்துநரைத் தொலைபேசியில் அழைத்தார். இல்லத்தின் விதி அதுவே. நடத்துநர் தாம் வரும்வரை காத்திருக்கச் சொன்னார். சர்க்கரை பார்க்கும் கருவி அலுவலக மேசையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி நடத்துநரிடம் இருந்தது. காத்திருந்த நேரத்தில் அந்தப் பெண் தமக்குத் தெரிந்த நல்லதைச் செய்ய எண்ணி, வெதுவெதுப்பான மைலோ பானத்தைக் கரண்டியால் வாயில் ஊற்றினார். பாதி வெளியே வழிந்தது. மீதியில் அம்மையாருக்குப் புரையேறியது.

5.55-க்கு நடத்துநர் வந்து கருவியை எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை அளவு 1.8 மில்லிமோல். 4-க்குக் கீழே போனாலே தாழ்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் 1.8. அப்போதுதான் அவசர உதவி எண்ணான 999 அழைக்கப்பட்டது. 6.25-க்கு ஆம்புலன்ஸ் வந்து, அங்கேயே இரத்தக் குழாய்வழிக் குளுக்கோஸ் ஏற்றப்பட்டது. வண்டி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் அம்மையார் கண் திறந்தார்.

மருத்துவமனையில்

எட்டு நாள்கள் அவர் வார்டில் இருந்தார். முதல் நாள் மதியமும் அன்றிரவும் சர்க்கரை மீண்டும் இரு முறை இறங்கியது. குளுக்கோஸ் சொட்டு நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தது. கிளிபென்கிளமைட்டின் இயல்பு இது. அதன் வேலை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீள்வது. உடலில் அது சிதைந்து உண்டாகும் பொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. அவை சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை என்பதால் சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் தேங்கிப்போகும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறது. அம்மையாரின் சிறுநீரக வடிகட்டும் அளவு 38-ஆக இறங்கியிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 விழுக்காடு. இளையவர் ஒருவருக்கு இதைப் பாராட்டலாம். உடல் நலிந்து, மறதி நோயும் உள்ள ஒருவருக்கு 8 அல்லது 8.5 வரை விட்டுவைப்பதே பாதுகாப்பு. நான் பகல் பத்து மணிக்குப் பார்த்த 8-க்கும் 11-க்கும் பின்னால், இரவில் எவ்வளவு ஆழமான பள்ளங்கள் இருந்திருந்தால் சராசரி 6.1-க்கு வந்திருக்கும் என்பதை அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

புரையேறியதால் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் அழற்சி ஏற்பட்டு, அதற்கும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கிளிபென்கிளமைட், லோராசெபாம் இரண்டையும் நிறுத்தி, மெட்ஃபோர்மினைப் பாதியாகக் குறைத்து அனுப்பினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது தெரிந்தவை

அம்மையார் வார்டில் இருந்தபோதே நடத்துநரும் நானும் உள்ளூர்ப் பராமரிப்பாளரும் உட்கார்ந்து ஏழு மாதப் பதிவேடுகளை முழுவதும் படித்தோம். எடை மாதந்தோறும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது: ஏப்ரலில் 48.5 கிலோ, செப்டம்பரில் 43. ஐந்து மாதத்தில் உடலில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு மாதமும் வேறொரு தாளில் எழுதப்பட்டதால், இரண்டு எண்களை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. உணவுப் பதிவில் மூன்று வேளைக்கும் சரி என்ற குறி இருந்தது. தட்டு வைக்கப்பட்டது என்பதே அந்தக் குறியின் பொருள் என்று சமையற்காரர் விளக்கினார். பொய்ப்பல் தளர்ந்து, மெல்ல வலித்ததால் அம்மையார் மாலை உணவில் பாதியை ஒதுக்கிவைத்து வந்திருக்கிறார். உப்பும் புளிப்பும் இல்லாத கஞ்சியை அவர் விரும்பவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. உணவு குறைந்தது, எடை குறைந்தது, சிறுநீரகம் தளர்ந்தது. மாத்திரை மட்டும் குறையவே இல்லை.

ஆனால் என்னைப் பெரிதும் நிலைகுலையச் செய்தது பதிவேட்டில் இல்லாத ஒரு செய்தி. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் பக்கவாதத்தால் இடப்பக்கம் விழுந்துபோன ஒரு தமிழ் மூதாட்டி. பேச்சும் நினைவும் தெளிவாக இருந்தவர். நான் போய் அவர் கட்டிலருகே அமர்ந்து, இரவில் அந்த அம்மா என்ன சொல்வார் என்று கேட்டேன். "தினம் ராத்திரி 'கண்ணக் கட்டுது, கண்ணக் கட்டுது'ன்னு கத்தும். 'உள்ளுக்குள்ள ஒதறுது, ஏதாச்சும் குடுங்க'ன்னு கேக்கும். நான் அந்தப் பொண்ணுகிட்ட பெனிங் பெனிங்னு மலாய்ல சொன்னேன் மிஸ்ஸி. அது பாவம், கோடாலித் தைலத்தக் கொண்டாந்து நெத்தியில தேச்சிட்டுப் போச்சு" என்றார். பெனிங் என்றால் மலாயில் தலைச்சுற்றல்.

சர்க்கரைத் தாழ்வின் முக்கிய அறிகுறிகள் அந்தச் சொற்களில் இருந்தன: பார்வை மங்குவது, நடுக்கம், பசி. மறதி நோய் உள்ளவர் தம் உடலில் நடப்பதைச் சொல்லமாட்டார் என்று பாடப் புத்தகத்தில் படித்த நமக்கு, இந்த அம்மையார் அமைதிப்படுத்தும் மருந்து தொடங்கும்வரை இரவில் அதைச் சரியான சொற்களில் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதை ஏற்றுக்கொள்வது கடினம். அவர் சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது அந்த நேரத்தில் அந்த அறையில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் எழுந்து வர முடியாத ஒருவருடையது. அந்த இருவரின் பேச்சையும் ஒரு மாத்திரை கொடுத்து நாங்கள் நிறுத்தினோம். 'அமைதியாக உறங்கினார்' என்ற அந்த நான்கு இரவுகளிலும் சர்க்கரை இறங்காமல் இருந்திருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, நடந்ததை முழுவதும் மகனிடம் சொல்வது. வழக்கு, உரிமம் என்ற அச்சத்தால் நடத்துநர் முதலில் தயங்கினார். அந்த அச்சம் எனக்குப் புரிந்தது. ஆனால் பெரட்டு என்று தாம் சொன்ன விளக்கமே தாயைக் கிடத்திவிட்டது என்று அந்த மகன் வார்டு வாசலில் அழுதுகொண்டிருந்தார். பூட்டிய கருவியையும், ஐந்து மணிச் சாப்பாட்டையும், நேரில் பார்க்காமல் எழுதிய மருந்தையும், பகல் பத்து மணிக்கே நான் சர்க்கரை பார்த்ததையும் அவரிடம் சொல்லாமல் இருப்பது, எங்கள் பிழையை அவர் தோளில் ஏற்றுவதாகும். மூன்று பக்க அறிக்கை எழுதி அவருக்கு ஒரு படி கொடுத்தோம்; ஒரு படியை இல்லத்தின் கோப்பில் வைத்தோம். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாயை அதே இல்லத்திற்கே திரும்ப அழைத்துவரச் சம்மதித்தார்.

இரவு உணவை ஆறரை மணிக்குத் தள்ள வேண்டும் என்று நான் கேட்டேன். சமையற்காரரின் கடைசிப் பேருந்து, கூடுதல் சம்பளம் என்று இரண்டு நாள் பேசி, 5.45-க்கு இரவு உணவு, ஒன்பது மணிக்குப் பால் கலந்த பானமும் பிஸ்கட்டும் என்ற இடைநிலைக்கு வந்தோம். எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. ஆனால் நடைமுறையில் தொடரக்கூடிய ஏற்பாடாக இருந்தது.

சர்க்கரை பார்க்கும் கருவி பூட்டில்லாத பெட்டியில் இரவுப் பணியாளரின் மேசைக்கு வந்தது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஒன்பது பேருக்கும், வாரத்தில் ஒரு நாளாவது விடியற்காலை நான்கு மணிக்கு அளவு பார்ப்பது என்று ஏற்பாடு செய்தோம். விழிப்போடு இருந்து விழுங்கக்கூடியவருக்கு அளவு 4-க்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தேறிய பிறகு பிஸ்கட்டோ ரொட்டியோ தர வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்கவைத்து 999 அழைக்க வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் அழைக்கலாம் என்று நடத்துநர் தம் கையெழுத்தோடு எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டினார். இல்லத்தின் முகவரி பெரிய எழுத்தில் அதன் கீழே. அந்த இரவு நேராக 999 ஏன் அழைக்கவில்லை என்று மியன்மார்ப் பெண்ணிடம் கேட்டபோது, முகவரியை மலாயில் சொல்லத் தெரியாது, தவறாக அழைத்துவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றார். விதியை மாற்றாமல் அவருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது.

பதிவேட்டில் 'மெராச்சாவ்' என்ற சொல்லை எழுதுவதை நிறுத்தினோம். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, செய்தது என்று மூன்று கட்டங்கள் போட்டோம். பொருள் புரியாவிட்டாலும் கேட்ட ஒலியை அப்படியே எழுத வேண்டும், அல்லது கைப்பேசியில் பதிந்துவைக்க வேண்டும். இரவில் ஒருவர் நிலைகொள்ளாமல் இருந்தால், அதை மறதி நோயின் குணம் என்று எழுதுமுன் சர்க்கரை, காய்ச்சல், வலி, பசி, மலச்சிக்கல் அல்லது சிறுநீர் தேக்கம் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். அமைதிப்படுத்தும் மருந்து எதையும் மருத்துவர் நேரில் பார்க்காமல் தொடங்குவதில்லை என்பதை வருகை மருத்துவரும் ஏற்றுக்கொண்டார்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது சேர்க்கைப் படிவத்தில் சேர்த்த ஒரு கேள்வியைத்தான்: 'உடம்புக்கு முடியாதபோது உங்கள் தாயார் அல்லது தந்தையார் வழக்கமாக என்ன சொல்வார்?' தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வந்த பதில்களை நான் தொகுத்தேன். கண்ணக் கட்டுது, கிறுகிறுங்குது, படபடன்னு வருது, நெஞ்சக் கரிக்குது, கை கால் ஒளையுது, நீர்க்கடுப்பு, மேலு காயுது என்று 23 சொற்கள் சேர்ந்தன. ஒருவர் தந்தை நெஞ்சுவலியை எப்போதும் வாயுப்பிடிப்பு என்றே சொல்வாராம். அதையும் அவர் பெயருக்கு நேரே எழுதினோம். சுவரில் ஒட்டினால் மியன்மார்ப் பெண்களால் படிக்க முடியாது. அதனால் அவர்களில் ஒருவர் ஒரு வழி சொன்னார்: பக்கத்துப் படுக்கை மூதாட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அதைக் கைப்பேசியில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பர்மிய மொழியில் தாமே பொருள் சொல்லிச் சேர்த்தார். ஒரு ஞாயிறு பிற்பகல் முழுவதும் அவர்கள் இருவரும் அதைச் செய்தார்கள். மூதாட்டி அன்று மாலை தம் சோற்றை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த எட்டு மாதங்கள்

அம்மையார் பிழைத்தார், ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. முன்பு நான்கு கால் ஊன்றியைப் பிடித்து முற்றம்வரை நடந்தவர், மருத்துவமனையிலிருந்து வந்த பின் சக்கர நாற்காலியில்தான் போக முடிந்தது. பொய்ப்பல்லைச் சரிசெய்து, மகன் வீட்டிலிருந்து ரசப்பொடி வந்து, ஒன்பது மணிப் பானமும் சேர்ந்தபின் எடை 46-க்கு ஏறியது. எட்டு மாதத்தில் சர்க்கரை ஒரு முறைகூட 5-க்குக் கீழ் இறங்கவில்லை.

பிப்ரவரியில் ஆண்கள் அறையில் இருந்த ஒருவர் இரவில் "படபடங்குது" என்று முனகியதைக் கேட்டு, மியன்மார்ப் பெண் அளவு பார்த்தார், 3.4. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பார்த்து, 5.1 என்று எழுதிவிட்டுத்தான் நடத்துநரை எழுப்பினார். காலையில் அந்த முதியவரின் மருந்துச்சீட்டு மருத்துவரிடம் போனது.

நிலைக்காதவையும் உண்டு. ஏப்ரலில் இந்தோனேசியர் இருவரும் ஊர் திரும்பினார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சொல் ஒலிப்பதிவை யாரும் கொடுக்கவில்லை என்பது ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சீனப் பெருநாள் விடுமுறையில் சமையற்காரர் இல்லாத மூன்று நாள்கள் இரவு உணவு மறுபடியும் ஐந்து மணிக்குப் போயிருந்தது. ஒன்பது மணிப் பானம் கொடுத்ததாகப் பதிவு இருந்தாலும் பிஸ்கட் டப்பா குறையாமல் அப்படியே இருந்தது. இரவில் ஒருவருக்குப் பதில் இரண்டு பணியாளர்கள் வேண்டும் என்ற என் கோரிக்கையைக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறைவேற்ற முடியாது என்று நடத்துநர் சொன்னார். மாதம் 2,200 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க அந்தக் குடும்பங்களில் பாதிக்கு இயலாது என்பது எனக்கும் தெரியும். இதற்கு என்னிடம் விடை இல்லை.

மாற்ற வேண்டியவை

இதே சூழலில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே சேர்க்கை மருந்துச்சீட்டுகளை எடுத்து, ஒவ்வொரு மாத்திரையும் யாருக்காக, எந்த எடையில், எந்தச் சிறுநீரக அளவில் எழுதப்பட்டது என்று மருந்தாளரிடம் கேட்பேன். அம்மையார் சேர்ந்த பிப்ரவரியிலேயே அதைச் செய்திருந்தால் கிளிபென்கிளமைட் அன்றே மாறியிருக்கும். சர்க்கரை பார்க்கும் நேரத்தை என் வசதிக்கு ஏற்ப வைக்க மாட்டேன். மாதத்தில் ஓர் இரவாவது இல்லத்திலேயே தங்குவேன். பகலில் மட்டும் பார்த்த ஓர் இல்லத்தை நான் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டது தவறு. ஒலிப்பதிவை ஒருவரின் கைப்பேசியில் வைக்காமல், புதியவர் பணியேற்கும் நாளின் முதல் வேலையாக அதைக் கேட்கவைப்பேன்.

மகன் சொன்ன விளக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அது பொய்யாக இருக்கவில்லை. சர்க்கரை சீரான பிறகும் அம்மையார் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான்கு மணிக்கு விழித்துக்கொள்கிறார். வியர்வை இல்லை, கத்தல் இல்லை. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். செப்டம்பரில் இரண்டு விழிப்புகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன; ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விட்டுவிட்டோம். மே மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை நான் வந்து பதிவேட்டைத் திறந்தபோது, அந்த மியன்மார்ப் பெண் உடைந்த மலாயில் எழுதியிருந்த குறிப்பு இது: 'மணி 4.10. பாட்டி விழித்தார். சர்க்கரை 7.4. வியர்வை இல்லை, கை நடுங்கவில்லை. பெரட்டு என்று சொன்னார். தேநீர் கொடுத்தேன். வெளிச்சம் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.'